தேதி சொல்லாத மலைகள்

2025 ஜூலை 5-ஆம் தேதி ஜப்பானைப் பேரழிவு தாக்கும் என்று ஒரு மாங்கா படக்கதையை வைத்துப் பேச்சு கிளம்பியது. அதை நம்பிப் பயணத்தை ரத்து செய்தவர்கள் ஏராளம். ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் செல்லும் விமானங்களின் எண்ணிக்கையே குறைந்தது. சொன்ன நாள் வந்து, ஒன்றும் நடக்காமல் போனது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலை வெடிக்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்பது இன்னொரு பழைய பல்லவி. அங்கே மாபெரும் வெடிப்புகள் நடந்தது மூன்று முறை: 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. நடுவில் இருப்பவை இரண்டே இடைவெளிகள். அவற்றுக்குச் சராசரி போட்டுக் கெடு குறிக்கிறார்கள். அந்தக் கணக்கையே ஏற்றுக்கொண்டாலும் இன்னும் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு பாக்கி இருக்கிறது!

தேதிகள் பொய். ஆபத்து பொய்யில்லை. 74,000 ஆண்டுகளுக்கு முன்பு சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல், ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெள்ளைப் படலமாகக் கிடக்கிறது. அந்தப் படலத்துக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அதாவது, அங்கே மனிதர்கள் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா வெடித்தது. வானில் பரவிய அதன் மூட்டம் வெயிலை மறைக்க, மறு வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, விளைச்சல் பொய்த்தது. சீனாவின் யுன்னானில் குளிரில் நெல் கருகிப் பஞ்சம் வந்தது.

இதைத் தடுக்க முடியுமா? வெடிப்பை முடியாது. சாவைத் தடுக்க முடியும் என்பதற்கு ஜாவாவின் கெலுட் மலையே சாட்சி. அதன் உச்சியில், எரிமலையின் வாய்க்குள்ளேயே ஒரு ஏரி இருந்தது. 1919 மே மாதம் மலை வெடித்தபோது அந்த ஏரித் தண்ணீர் மொத்தமும் சாம்பலோடும் பாறையோடும் கலந்து கொதிக்கும் சேறாகச் சரிவில் இறங்கியது. செத்தவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். எரிமலையை அணைக்க யாராலும் ஆகாது, ஏரியை வடிக்கலாமே என்று யோசித்தார்கள். அன்றைய டச்சு ஆட்சியின் பொறியாளர்கள் மலையின் பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து தண்ணீரை வெளியேற்றினார்கள். 1951-இல் கெலுட் மறுபடி வெடித்தது. இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் அந்த வெடிப்பே சுரங்கத்தைக் கெடுத்து, பள்ளத்தை ஆழமாக்கிவிட்டது. ஏரி மீண்டும் நிரம்பியது. 1966-இல் மலை வெடித்தபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகு புதிதாக, இன்னும் தாழ்வாக ஒரு சுரங்கம் வெட்டினார்கள். ஒரு முறை வெட்டிய சுரங்கம் என்றைக்கும் போதாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

யெல்லோஸ்டோனின் அடியில் துளையிட்டுத் தண்ணீர் செலுத்திச் சூட்டை உறிஞ்சலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அது பலன் தர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

என் கவலை யெல்லோஸ்டோன் அல்ல. அதன் ஒவ்வொரு அசைவையும் கருவிகள் கவனித்துக்கொண்டிருக்கின்றன. எந்தக் கருவியும் இல்லாமல், காடு மூடிக் கிடக்கும் மலைகள்தான் என்னைத் தூங்கவிடாதவை. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ சுமார் ஐந்நூறு ஆண்டுகள் சும்மா கிடந்த மலை. 1991 ஏப்ரல் 2-இல் ஆவி பீறிட்ட பிறகுதான் நில அதிர்வுக் கருவிகளே அங்கே போய்ச் சேர்ந்தன. ஜூன் 15-இல் பெருவெடிப்பு. நடுவில் கிடைத்த இரண்டரை மாதத்தில் அளந்து, எச்சரித்து, பல்லாயிரம் பேரை இடம் மாற்றினார்கள். ஈரச் சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தாலும், காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல்லாயிரம். அந்த மலை இரண்டே வாரம் அவகாசம் கொடுத்திருந்தால்?

மெக்சிகோவின் எல் சிச்சோனில் மக்களுக்கு அப்படி முன்கூட்டிய எச்சரிக்கை கிடைக்கவில்லை. 1982 மார்ச் 28 இரவு வெடிக்கத் தொடங்கி, ஒரே வாரத்தில் சுற்றுப்புற சோக்கே பழங்குடிக் கிராமங்களை அழித்தது. சுமார் இரண்டாயிரம் பேர் போனார்கள். அதற்கு முன்பு அதை ஆபத்தான மலையாக எண்ணியவர்கள் மிகச் சிலர்.

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் உள்ள சமாலாஸின் கதை இன்னும் கலங்க வைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஏதோ ஒரு மலை மிகப் பெரிதாக வெடித்ததற்கான கந்தகத் தடயம் கிரீன்லாந்துப் பனியிலும் அண்டார்க்டிகா பனியிலும் இருந்தது. எந்த மலை என்று தெரியாமலே பல பத்தாண்டுகள் தேடினார்கள். 1257-இல் வெடித்த சமாலாஸ்தான் அது என்று ஆய்வாளர்கள் அறிவித்தது 2013-இல். வெடித்து முடித்த மலையைக் கண்டுபிடிக்கவே இவ்வளவு காலம் என்றால், இனி வெடிக்கப்போவதை எப்படி அறிவோம்?

இந்தோனேசியா, பப்புவா நியூ கினி, மத்திய அமெரிக்கா என்று நீளும் எரிமலை வரிசையில் கவனிப்பாரற்ற ஒவ்வொரு மலைக்கும் சில நில அதிர்வுக் கருவிகள், வாயுவை அளக்க ஒரு கருவி, பதிவைப் படித்துச் சொல்ல உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற நாலு பேர், அடிவாரத்துக் கிராமத்திலிருந்து வெளியேற ஒரு நல்ல சாலை வேண்டும். பெரிதாக வெடித்தால் அதன் குளிர் பல நாடுகளின் வயலுக்கும் வரும். செலவையும் எல்லா நாடுகளும்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும்.