ஊசி ஊருக்கு வந்துடுச்சு... அக்காவுக்கு வந்துச்சா?

திண்டிவனத்துல மரக்காணம் பஸ் ஏறினா, வழியில பெருமுக்கல் மலை வரும். அதையும் தாண்டிப் போனா கடைசியில உப்பளம். விடியுறதுக்கு முன்னாடியே பெண்கள் வேலைக்கு இறங்கிடுவாங்க. தமிழ்நாட்டில் புதன்கிழமைன்னா தடுப்பூசி நாள். இப்போ ஒரு கேள்வி: புதன்கிழமை காலையில உப்பு சுமக்கிற ஒரு கர்ப்பிணி அக்கா, ஊசி போட எப்போ போவாங்க?

அமெரிக்காவில் கறுப்பினக் கர்ப்பிணிகள், வெள்ளையினப் பெண்களைவிடக் குறைவாகவே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். "பயம், அறியாமை"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில், சிஃபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஞாபகம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

நம்ம ஊர்ல இனத்துக்குப் பதிலா சாதி, பழங்குடி, கூலி, பாலினம்னு வேற கோடுகள். இந்தப் பக்கத்து இருளர் மக்களை எடுத்துக்குங்க. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு சமூகங்களில் ஒன்று. செங்கல் சூளை, உப்பளம், அரிசி ஆலைன்னு வேலை தேடி இடம் மாறும் குடும்பங்கள் நிறைய. சாதிச் சான்றிதழுக்கே வருஷக்கணக்கா அலையுறாங்க.

கர்ப்ப காலத்தில் டி.டி. ஊசி இரண்டு தவணை, நான்கு வார இடைவெளியில். அம்மா உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்த குழந்தையை ரணஜன்னியில் இருந்து காக்கும். தாய்-சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டதற்கு இந்த ஊசியும் ஒரு முக்கியக் காரணம். ஆனா முதல் ஊசி இங்கே, நாலு வாரம் கழிச்சு குடும்பம் வேற மாவட்டத்துச் சூளையில். இரண்டாவது ஊசியை யார் நினைவுபடுத்துவா?

கொரோனா காலத்திலும் இதே கதைதான். 2021 ஜூன் கடைசியில், நாட்டில் ஆண்களுக்குப் போன ஒவ்வொரு 1,000 ஊசிக்கும் பெண்களுக்குப் போனது சுமார் 860. கர்ப்பிணிகளுக்கு அனுமதியே ஜூலை 2-ல்தான் வந்தது. பதிவு பண்ண போன் வேணும், அது பெரும்பாலும் வீட்டு ஆம்பளை கையில. போதாததுக்கு, "ஊசி போட்டா குழந்தை பிறக்காது"ங்கிற வாட்ஸப் புரளி வேற.

சரி, சந்தேகப்படுறவங்க எல்லாரும் புரளியை நம்புறவங்களா? 2009-ல் கம்மம் மாவட்டத்தில் (இன்றைய தெலங்கானா) சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதிலா விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. சில சிறுமிகள் இறந்ததும் 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனா கேட்காமலே போட்டது தப்புதானே? 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான், உடைஞ்சது நம்பிக்கை.

இப்போ இது ஏன் நமக்கு? கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் அதே எச்.பி.வி. ஊசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட, தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. பள்ளிக்கூடம் வழியா மட்டும் போனா, எட்டாம் வகுப்போட நின்னு சூளைக்குப் போன பொண்ணு விடுபட்டுடுவா. பள்ளிக்குப் போறவளைவிட அவளுக்குத்தான் பின்னாளில் பரிசோதனையும் சிகிச்சையும் எட்டாத தூரம்.

அதனால, அடுத்த என்.எஸ்.எஸ். முகாமுக்குக் கிராமத்துக்குப் போறப்போ, "ஏன் போடலை?"ன்னு கேட்காதீங்க. "எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்குக் கூலி போகாது?"ன்னு கேளுங்க. பதிலை எழுதிக் கிராம சுகாதார செவிலியர்கிட்ட கொடுங்க. கேட்டுட்டுப் போடுற ஊசிக்குத்தான் அக்கா கை நீட்டுவாங்க.