வில்கமுவவிலிருந்து பாசிக்குடாவுக்கு: மாதம் பார்த்துப் புறப்படுங்கள்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே பிறந்தும், கடலைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகள் நம்மிடையே இன்றும் உள்ளனர். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில், மகாவலி கங்கைக்கும் வஸ்கமுவ வனத்துக்கும் அண்மையில் அமைந்துள்ள வில்கமுவப் பகுதியை எண்ணிப் பாருங்கள். வயலும் வாய்க்காலும் குளமும் காட்டு யானையும் அங்குள்ள சிறுவர்க்குப் பழகியவை. கடலோ, ஆண்டு முழுவதும் சேமித்து, ஒரு முறை சென்று காணவேண்டிய பெரும் விருந்தாகும்.

அவ்விருந்துக்கு ஏற்ற இடம் மட்டக்களப்பு நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாசிக்குடா. ஆயினும், கடற்கரைப் பயணம் என்றவுடன் நம் குடும்பங்களில் எழும் முதற்கேள்வி, ‘எந்த வாகனத்தில் போவது?’ என்பதே. இரண்டாவது கேள்வி செலவைப் பற்றியது. ‘எந்த மாதத்தில் போவது?’ என்று கேட்பவர் சிலரே. உண்மையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். பணம் வீணாகாதிருப்பதும், அதனினும் மேலாகப் பிள்ளைகளின் உயிர் காக்கப்படுவதும் அதற்குரிய விடையையே பொறுத்துள்ளன.

ஒரு தீவு, இரு பருவம்

அத்திலாந்திக் சமுத்திரக் கரையிலுள்ள உல்லாச நகரங்களுக்குச் செல்வோர்க்கு இவ்விஷயத்தில் குழப்பமில்லை. பிரான்சின் பியாரிற்ஸ் நகருக்கோ, அமெரிக்காவின் அத்திலாந்திக் சிற்றிக்கோ செல்லும் குடும்பத்தினர், கோடை பிறந்ததும் பெட்டியைக் கட்டுகின்றனர். நமது நாட்டிலோ கோடை, குளிர் என்னும் பிரிவு இல்லை. காற்றே காலத்தை வகுக்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. அக்காற்றின் மழையை மத்திய மலைநாடு பெரும்பாலும் தடுத்து நிறுத்திவிடுவதால், கிழக்குக் கரை அப்போது வெயிலும் அமைதியுமாக விளங்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிறது. கிழக்குக் கடல் சீறும், மழை கொட்டும். மட்டக்களப்பைச் சிதைத்த பெரும் புயல் வீசியதும் 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே.

ஆகவே, பாடசாலை டிசெம்பரில் நீண்ட விடுமுறை விடுகிறதே என்று எண்ணிக் கிழக்கே புறப்படுவது தகாது. அம்மாதத்தில்தான் செல்லமுடியும் எனில் நீர்கொழும்பு, ஹிக்கடுவை முதலிய மேற்கு, தெற்குக் கரைகளை நாடலாம். பாசிக்குடாவுக்கு ஏற்றவை ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்களே.

வயலும் இசைகிறது

வில்கமுவ விவசாயக் குடும்பங்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. மாரியில் விதைத்த பெரும்போக நெல், பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடையாகிறது. களஞ்சியம் நிறைந்து கையிலும் சிறிது காசு தங்கும் அவ்வேளையில்தான் கிழக்குக் கடலும் அமைதி பெறத் தொடங்குகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் பேருந்துகளில் நெரிசல் மிகும். அது தணிந்தபின் புறப்படுதல் நன்று. ஆகஸ்ட் விடுமுறையில் செல்ல விரும்புவோர், சிறுபோக அறுவடை நெருங்குமுன் பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

இரு வழிகள்

வில்கமுவ மகாவலிக்கு மேற்கே உள்ளது, கடலோ கிழக்கே. எனவே எவ்வழி சென்றாலும் அந்நதியைக் கடந்தே ஆகவேண்டும்.

முதலாவது தென்வழி. ஹெட்டிபொலவிலிருந்து ஹசலக்க வழியாக மகியங்கனை சென்று, அங்கு மகாவலியைக் கடந்து, பதியத்தலாவ, மகாஓயா ஊடாகச் செங்கலடியை அடையலாம். அங்கிருந்து கரையோர வீதியில் வடக்கே திரும்பினால் கல்குடாவும் பாசிக்குடாவும் வரும். மகாஓயாவிலுள்ள வெந்நீர் ஊற்றுக்கள் பிள்ளைகள் கண்டு வியக்கத்தக்கவை.

இரண்டாவது வடவழி. எலஹர, பக்கமுன வழியாகப் பொலன்னறுவை சேர்ந்து, மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, வெலிகந்த, புணானை ஊடாக வாழைச்சேனையை அடைவது இது. பொலன்னறுவையிலிருந்து புகையிரதத்தில் செல்வோர் கல்குடா நிலையத்தில் இறங்கலாம். மாணவர்க்கு இவ்வழியே சிறந்தது. பதினோராம் நூற்றாண்டில் சோழர் தலைநகராய் விளங்கி, ஜனநாதமங்கலம் எனப் பெயர் பெற்ற பொலன்னறுவையில், வானவன்மாதேவீச்சரம் என்னும் சிவாலயம் முழுவதும் கல்லாலாகி இன்றும் நிற்கிறது. வாழைச்சேனையிலோ, 1956இல் தொடங்கிய கடதாசி ஆலை உண்டு. நம் வயல்களில் மிஞ்சும் வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலை அது.

எவ்வழியாயினும், பொழுது நன்கு புலர்ந்தபின் புறப்பட்டு, அந்தி சாயுமுன் தங்குமிடம் சேருங்கள். இரு வழிகளிலும் யானைகள் வீதியைக் கடக்கும் இடங்கள் உள. மாரிகாலத்தில் மன்னம்பிட்டிப் பகுதியில் வீதியை மேவி வெள்ளம் பாய்வதும் உண்டு. டிசெம்பர் பயணம் வேண்டாம் என்பதற்கு இது மற்றொரு காரணமாகும்.

ஆறு வேறு, கடல் வேறு

பாசி படர்ந்த குடா பாசிக்குடா. கல் நிறைந்த குடா கல்குடா. அருகருகே இருப்பினும் இவற்றின் இயல்பு வேறு. பாசிக்குடா ஆழம் குறைந்தது. கரையிலிருந்து வெகுதூரம் வரை நீர் இடுப்பளவே இருக்கும். கல்குடாவில் ஆழமும் இழுப்பும் மிகுதி. பிள்ளைகளை நீரில் இறக்குவதற்கு உரியது பாசிக்குடாவே.

தாய் தந்தையர் இங்கு ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். வாய்க்காலிலும் குளத்திலும் நீந்திப் பழகிய பிள்ளைக்கு அச்சம் குறைவு, அத்துணிவே ஆபத்தாகலாம். ஆற்றின் ஓட்டம் ஒரே திசையில் செல்வது. கடலிலோ, கரைக்கு வந்த அலைநீர் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து விரைந்து பின்வாங்கும்போது, நல்ல நீச்சல்காரனையும் உள்ளே இழுத்துவிடும். அவ்வேளையில் கரையை நோக்கி எதிர்நீச்சல் இடலாகாது; அது பலத்தைத் தீர்த்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு அடங்கியபின் கரைக்குத் திரும்பவேண்டும். இதைப் புறப்படுமுன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மேலும், பிள்ளைகள் நீரில் நிற்கும்வரை பெரியவர் ஒருவர் அவர்களோடு நீரிலேயே நிற்கட்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்ததை நாம் மறத்தலாகாது. நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பாராது உள்நாட்டை நோக்கி விரையவேண்டும் என்பதை மாணவர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

சிக்கனமும் சிறப்பும்

போர் முடிந்தபின் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் பல எழுந்துள்ளன. அவற்றைக் கண்டு, இது செல்வர்க்கே உரிய இடமென மயங்கவேண்டியதில்லை. பொதுமக்கள் நீராடும் பகுதி அங்கு உண்டு. சுற்றுப்புறத்தில் எளிய விடுதிகளும் உள்ளன. இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி ஒரு வாகனத்தை அமர்த்தினால் செலவு பகிரப்படும். முதல் நாள் வேளைக்குச் சோற்றுப் பொதியும், போதிய குடிநீரும், மாற்றுடையும், தலைக்குத் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். நடுப்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் நீராடுவது உடலுக்கு நல்லது. கொண்டுசென்ற பொலித்தீன் பைகளைக் கரையில் விட்டுவராதிருப்பது, நம்மை வரவேற்கும் அவ்வூராருக்கு நாம் செய்யும் மரியாதை.

விலையுயர்ந்த அறையும் சொகுசு வாகனமும் இல்லாமலே ஒரு குடும்பம் கடலைக் கண்டு மகிழலாம். காலத்தை அறிந்து, பகலிற் பயணஞ்செய்து, பிள்ளைகள்மேல் கண்ணாயிருந்தால் போதும். நாட்காட்டியை இன்றே எடுத்து, ஏப்ரலிலோ ஆகஸ்டிலோ ஒரு நாளைக் குறித்துவையுங்கள். மற்ற ஆயத்தங்களை அதன்பின் ஆறுதலாகச் செய்யலாம்.