கடைசிப் பந்தியில் உட்காரும் ஏரி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், இது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். 2019 ஜூனில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மழை குறைஞ்சது சரி, அதுக்காக ஏரி மொத்தமாவா வத்திப்போகும்?" நியாயமான கேள்வி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். அந்த ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. முந்தைய வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் பெய்திருந்தது. ஆனாலும் பெய்ததே, அது எங்கே போனது?

வானத்திலிருந்து விழுகிற மழைக்கு ஏரி கடைசிப் பந்தி. முதல் பந்தியில் உட்காருவது மண். கோடையில் காய்ந்து வெடித்த நிலம், முதல் சில மழைகளை அப்படியே உறிஞ்சிவிடும். வாய்க்காலில் ஒரு சொட்டு ஓடாது. சுற்றிலும் போர்வெல் போட்டு நிலத்தடி நீரை இறக்கிவிட்டோம் என்றால் மண்ணின் தாகம் இன்னும் கூடும். ஆற்று மணலும் அப்படித்தான், தான் நனைந்த பிறகே தண்ணீரை மேலே ஓட விடும்.

அடுத்த பந்தி, மேலே இருக்கிற சின்ன ஏரிகளுக்கு. நம் ஊர் ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணீர். பேச்சுக்கு ஒரு கணக்கு வையுங்கள். நூறு பங்கு மழையில் மண்ணும் சிற்றேரிகளும் அறுபதை எடுத்துக்கொண்டால் நாற்பது கீழே வரும். மழையே அறுபது பங்காகிவிட்டால்? மழை நாற்பது சதவீதம் குறைந்தது. பெரிய ஏரிக்கு வரத்து முழுசாக நின்றது. நிஜத்தில் இவ்வளவு துல்லியமாக நடக்காது. ஆனால் போக்கு இதுதான். வறட்சியில் மழை குறைவதைவிட ஏரியின் வரத்து பொதுவாக வேகமாகக் குறையும்.

மழை எப்படிப் பெய்கிறது என்பதும் முக்கியம். பத்து நாள் தூறலைவிட இரண்டு நாள் அடைமழைதான் ஏரியை நிரப்பும். சென்னை ஏரிகள் அப்படி ஒன்றிரண்டு புயல் சின்னங்களை நம்பியே இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவைச் சூறையாடிவிட்டுப் போனது. சென்னைக்கு அதனால் பெரிய மழை கிடைக்கவில்லை.

வந்து சேர்ந்த தண்ணீருக்கு வெயில் பங்கு கேட்கும். செம்பரம்பாக்கம் நிறைந்தால் சுமார் 25 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழம் 24 அடிதான். அகலத் தட்டு மாதிரியான ஏரி. நிறைந்த ஏரியில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானாலும் பன்னிரண்டரைக் கோடி லிட்டர் போய்விடும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கணக்குப் போட்டால் ஐம்பது ரயில் தண்ணீர், ஒரே நாளில், சத்தமில்லாமல்.

கிருஷ்ணா நதித் தண்ணீர் இருக்கிறதே என்பீர்கள். 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டிஎம்சி, அதாவது 12,000 மில்லியன் கன அடி. ஆனால் அது ஸ்ரீசைலத்தில் புறப்பட்டு, சோமசிலா, கண்டலேறு கடந்து, 177 கிலோமீட்டர் கால்வாயில் பூண்டிக்கு வர வேண்டும். மேற்கே தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் கண்டலேறே காய்ந்து கிடக்கும். அந்தப் பந்தியிலும் நாம் கடைசிதான்.

இதற்கு நடுவே வீட்டுக் கிணறுகள் வற்றி, அதுவரை குழாய்த் தண்ணீரைத் தொடாதவர்களும் மெட்ரோ வாட்டரைத் தேடி வருவார்கள். வரத்து நின்ற அதே மாதத்தில் தேவை ஏறும். மட்டம் மதகின் வாய்க்குக் கீழே போனதும் மிச்சத் தண்ணீர் தானாக வெளியே வராது, மோட்டார் வைத்து இறைக்க வேண்டும்.

மழையை நாம் வரவழைக்க முடியாது. வரத்துக் கால்வாயை மண் மூடவிட்டதும் அதன் மேல் கட்டடம் எழவிட்டதும் நாம் செய்தது. எனக்கு ஆற்றாமை அதில்தான். மழை மிஞ்சியபோதும் அதை முழுசாகத் தேக்க முடியவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் ஒரு நாள் ஓடினால் இரண்டரை டிஎம்சி. அதைப் பிடித்து வைக்க வேறு இடம் இல்லாததால் அடையாற்றில் இறங்கிக் கடலுக்குப் போனது.

இனிப் பேப்பரில் ஏரி நிலவரம் வந்தால் நீர்மட்டத்தோடு நின்றுவிடாதீர்கள், நீர்வரத்தையும் பாருங்கள். நல்ல மழைக்கு மறுநாளும் அங்கே பூஜ்யம் என்றிருந்தால், தண்ணீர் மேலேயே எங்கோ நிற்கிறது. மண்ணிலா, சிற்றேரியிலா, தூர்ந்த கால்வாயிலா என்று கேட்க வேண்டியது அப்போதுதான், ஜூனில் அல்ல.