எதிர்ப்புச் சக்தி: டப்பாவின் வாசகமும் அதன் பின்னுள்ள சான்றும்

வெளிநோயாளர் பிரிவில் மருந்துச் சீட்டை எழுதி முடிக்கும் நேரத்தில், உடன் வந்திருக்கும் உறவினர் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமீது வைப்பார். "இதையும் கொடுக்கலாமா, டாக்டர்?" உள்ளே இருப்பது மஞ்சளும் மிளகும் சேர்ந்த மாத்திரையாக இருக்கலாம், நெல்லிப் பொடி, சீந்தில், துத்தநாகம் சேர்த்த வைட்டமின் சி என எதுவாகவும் இருக்கலாம். மேலே எழுதியிருப்பது மட்டும் அநேகமாக ஒன்றே: 'நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்.' கோவிட் காலத்திற்குப் பிறகு எங்கள் சிறுநீரகப் பிரிவில் இது பழகிப்போன காட்சி. வாங்கி வந்தவர் அக்கறையினால் வாங்கி வந்திருக்கிறார். 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லோடு அவரை அனுப்பிவிடுவது முறையாகாது. ஆகவே, அந்த வாசகத்தை நாங்கள் எப்படிப் படிக்கிறோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

எதிர்ப்புச் சக்தி என்பது தொட்டி நீரைப்போல் ஏற்றி இறக்கக்கூடிய ஒரே பொருள் அன்று. பலவகை வெள்ளணுக்கள், எதிர்ப்பொருள்கள், அவற்றை முடுக்கும் வேதிப்பொருள்கள், அடக்கும் வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. அதன் மொத்த வலிமையை ஓர் எண்ணாக அளந்து சொல்லும் இரத்தப் பரிசோதனை எங்களிடம் இல்லை. எனவே 'பெருக்கும்' என்றால் எது பெருகியது, யாரிடம், எவ்வளவு உட்கொண்டபோது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த உயிரணுக்கள்மீது ஒரு சாற்றை ஊற்றியபோது ஏதோ ஒரு வேதிப்பொருள் கூடியது என்பதும் விளம்பரத்தில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்றே வரும். நோயாளி அறிய விரும்புவதோ, நோய் குறைவாக வந்ததா என்பதை. அதற்கு, மக்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அப்பொருளையும் மறு குழுவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையையும் கொடுத்து, யாருக்கு எது என்று எவரும் அறியாதபடி வைத்து, நோய்களை எண்ண வேண்டும்.

இவ்வகையில் நன்றாகச் சோதிக்கப்பட்ட பொருள் வைட்டமின் சி. இருமுறை நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970-இல் சளிக்கு அதைப் பரிந்துரைத்து நூல் எழுதினார். இன்றுவரை நிலவும் நம்பிக்கையில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. 2013-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, நாள்தோறும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுத்துப் பார்த்த 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. அவற்றில் பங்கேற்றோர் 11,000-க்கும் மேல். பொதுமக்களிடையே சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி நீடிக்கும் காலம் பெரியவர்களில் 8 சதவீதமும் சிறுவர்களில் 14 சதவீதமும் குறைந்தது. ஏழு நாள் சளியில் பெரியவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை நாள். சளி பிடித்த பிறகு தொடங்கியவர்களிடம் சீரான பயன் தெரியவில்லை. ஆனால் மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெற்ற படைவீரர்கள் ஆகியோரிடம் நடந்த ஐந்து சிறு ஆய்வுகளில் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. இந்த ஐந்தை மட்டும் எடுத்து ஒருவர் விளம்பரம் எழுதினால் அதில் பொய் இராது; டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது பொருந்தவும் பொருந்தாது. மிகை வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது தேங்கி, எஞ்சியிருக்கும் செயல்திறனையும் கெடுக்கக்கூடும்.

மஞ்சளின் கதை வேறு. அதன் எடையில் ஏறத்தாழ 3 சதவீதமே குர்குமின். அதுவும் குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் அதைப் பன்மடங்காக்குகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினர். இதை மேற்கோள் காட்டாத மஞ்சள் மாத்திரை விளம்பரம் அரிது. அவர்கள் அளந்தது நலமுள்ளவர்களின் இரத்தத்தில் இருந்த குர்குமின் அளவையே. யாருக்கு நோய் குறைந்தது என்பதை அன்று. மேலும், பைப்பரின் எந்த நொதிகளைத் தடுக்கிறதோ, அவற்றுள் சில நாங்கள் தரும் மருந்துகளையும் சிதைத்து வெளியேற்றுபவை. ரசத்தில் போடும் மிளகையோ குழம்பில் போடும் மஞ்சளையோ நாங்கள் சொல்லவில்லை. செறிவூட்டிய மாத்திரையைச் சொல்கிறோம்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு இந்த வாசகத்தில் ஒரு முரண் இருக்கிறது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் ஆகியவற்றை நாங்கள் கொடுப்பதே எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான். அடக்காவிட்டால் உடல் அச்சிறுநீரகத்தை அந்நியமாகக் கருதி அழித்துவிடும். டப்பாவின் வாசகம் பொய்யானால் பணம் வீண். மெய்யானால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

சீந்திலைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கோவிட் காலத்தில் அதை உட்கொண்டபின் கல்லீரல் பாதிப்புக்கு ஆளான 43 பேரைப் பற்றி, இந்தியாவின் 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். தன் உடலையே தாக்கும் வகைக் கல்லீரல் அழற்சியின் அடையாளங்கள் பலரிடம் காணப்பட்டன. ஆயுஷ் அமைச்சகம் இத்தகைய தொடர்பை மறுத்துச் சீந்தில் பாதுகாப்பானது என்றது. ஒப்பீட்டுக் குழு இல்லாத நோயாளி விவரங்கள் வலுவான சான்று ஆகா என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். பயனுக்குக் கேட்கும் அளவுகோலைத் தீங்குக்கும் கேட்பதே நேர்மை. ஆயினும் பயன் உறுதிப்படாத பொருளில் இத்தகைய ஐயம் எழுந்தபின், எங்கள் நோயாளிகளுக்கு அதை நாங்கள் அனுமதிப்பதில்லை.

குறைபாடு உள்ளவருக்குக் குறையை நிரப்புவது வேறு. துத்தநாகம் குறைந்தால் எதிர்ப்புத் திறன் தளரும், நிரப்பினால் மீளும். ஐரோப்பிய ஒன்றியம் வைட்டமின் சி, துத்தநாகம் முதலியவற்றுக்கு அனுமதித்திருப்பதும் 'எதிர்ப்பு அமைப்பின் இயல்பான செயல்பாட்டுக்குத் துணைபுரிகிறது' என்ற அளவான வாசகமே. அதே துத்தநாகத்தை மாதக்கணக்கில் மிகையாக உட்கொண்டால் உடலில் தாமிரம் குறைந்து வெள்ளணுக்களே குறையலாம். பெருக்குவதற்கென்று வாங்கியது குறைத்துவிடும்! டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு உண்மையான குறை புரதம்தான். அந்த டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டைகள் வாங்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி, இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகள் போடாமல் விட்டிருந்தால் அதையும் எங்களிடம் கேளுங்கள்.

அடுத்த முறை வரும்போது டப்பாவைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். மறைக்க வேண்டாம், நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். எப்போதிலிருந்து, நாளைக்கு எவ்வளவு என்று அட்டையில் எழுதிவைத்தால் போதும். ஏற்கெனவே உட்கொண்டுவரும் மாற்றுச் சிறுநீரக நோயாளிகள், அதை நிறுத்தும் முன்பும் எங்களிடம் சொல்லுங்கள்; நிறுத்தும்போதும் டாக்ரோலிமஸ் அளவு மாறக்கூடும், ஓர் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஏதேனும் கண்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள்.