மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்: உழைக்கும் மக்கள் வரலாற்றின் ஒரு சான்று

இலங்கையின் இந்துக் கோயில்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடல்பெற்ற தலங்களாகிய திருக்கேதீச்சரம், திருக்கோணேச்சரம் ஆகியவற்றையும், பொலன்னறுவையில் சோழர் காலத்தில் எழுந்த சிவாலயங்களையுமே மையமாகக் கொண்டுள்ளன. மன்னரும் கல்வெட்டும் சம்பந்தப்பட்டாலன்றி ஒரு கோயில் ‘வரலாற்றுச் சிறப்புடையது’ எனக் கொள்ளப்படுவதில்லை. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின், கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரில் அமைந்துள்ள முத்துமாரியம்மன் கோயில் ஆய்வாளரது கவனத்தைப் பெறாது போய்விடும். எனினும், எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளர் சமூகத்தின் வரலாற்றுக்குக் கோயில்களே ஆவணங்களாக அமைவதுண்டு. அவ்வகையில் இக்கோயில் பெருமதிப்புடைய சான்றாகும்.

கோயிலின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு அது நிற்கும் பாதையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1820களில் கண்டிப் பிரதேசத்தில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, 1830களின் பின்னர் துரிதமாக விரிவடைந்தது. அதற்கு வேண்டிய உழைப்பைத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களின் வறிய கிராமங்களே வழங்கின. கங்காணியின் கீழ்த் திரண்ட கூட்டங்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த காடுகளினூடாக, தம்புள்ளை வழியே ஏறத்தாழ 130 மைல் நடந்து மாத்தளையை அடைந்தன. வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் வழியில் எத்தனையோ பேரைப் பலிகொண்டன. நடக்க இயலாதவர்கள் பாதையோரத்திலேயே கைவிடப்பட்டனர். காடு முடிந்து மலைநாடு தொடங்குமிடம் மாத்தளை. ஆகவே, உயிருடன் வந்து சேர்ந்தவர்கள் முதன்முதலாக மூச்சு விட்ட இடமும் அதுவேயாகும்.

அவ்விடத்தில் எழுந்த தெய்வம் மாரியம்மனாக இருந்தமை தற்செயலன்று. மாரி என்னும் சொல் மழையைக் குறிக்கும். அத்தெய்வம் அம்மை முதலான கொள்ளைநோய்களுக்கும் அதிபதியாகக் கருதப்படுவது. மழையை நம்பிப் பயிர் செய்த கிராமத்து மக்கள், நோயினால் சூழப்பட்ட பாதையைக் கடந்து, மீண்டும் மழையை நம்பியே உழைக்கும் மலைக்கு வந்தனர். புலப்பெயர்வின் இரு பெரும் அச்சங்களும் ஒரே தெய்வத்தில் உருப்பெற்றன. பெருந்தோட்டங்கள் எங்கணும் லயங்களுக்கு அருகே மாரியம்மன் கோயில்கள் காணப்படுவதற்கும் இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

மாத்தளைக் கோயிலும் ஒரு மரத்தடி வழிபாடாகவே தொடங்கியது. 1852 இல் வயல்நிலம் ஒன்றின் பகுதி இதற்கென வழங்கப்பட்டது. 1874 இல் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பொருளுதவியோடு கோயில் கட்டப்பட்டது. இவ்விடத்தில் வர்க்க நிலைமைகள் நோக்கத்தக்கன. தோட்டங்களுக்கு அரிசி இறக்கியவர்களும் கடன் வழங்கியவர்களும் நகரத்தார். கூலி பெற்று அவ்வரிசியை உண்டவர்கள் தொழிலாளர். ஒரே பொருளாதார அமைப்பின் இரு முனைகளில் நின்ற இவ்விரு பிரிவினரும் ஒரு சன்னிதியிற் சந்தித்தனர். வணிகரின் செல்வம் ஆகம முறையிலான கட்டடத்தைத் தந்தது; தொழிலாளரின் நம்பிக்கை அதற்கு உயிரைத் தந்தது. கட்டியவர் பெயரே பதிவுகளில் எஞ்சும். மரத்தடியில் முதற் கல்லை வைத்தவர் பெயர் எஞ்சுவதில்லை.

காலமும் கருதத்தக்கது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கு அறுவடைப் பருவத்தில் வந்து திரும்பும் தொழிலாளர் போதுமாயினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க நிரந்தரக் குடிகள் வேண்டும். வந்துபோனோர் இவ்வாறு குடிகளாயினர். வழிப்போக்கரின் தெய்வமும் நகரின் தெய்வமாயிற்று. மாசிமக விழாவில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும்போது சுற்றுப்புறத் தோட்டங்களின் மக்கள் நகரத் தெருக்களை நிறைக்கின்றனர். தோட்ட எல்லைக்குள் அடைக்கப்பட்டிருந்த ஒரு சமூகம் பொதுவெளியைத் தனதாக்கிக்கொண்ட அரிய தருணமாக இவ்விழாவைக் கொள்ளலாம்.

இக்கோயிலில் சிங்கள பௌத்த மக்களும் வழிபடுகின்றனர். கொள்ளைநோய் தீர்க்கும் தெய்வமாகப் பத்தினியைப் போற்றும் மரபு அவர்களிடையே உண்டாதலின், மாரியம்மன் அவர்களுக்கு அந்நியமானவளல்லள். ஆயினும் 1983 ஜூலையில் இனவன்செயல் மாத்தளையைச் சூழ்ந்தபோது கோயிலும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று, தேர்கள் எரிக்கப்பட்டன. வழிபாட்டுறவு மாத்திரம் இனவாத அரசியலைத் தடுத்துவிடாது என்பதையே இது உணர்த்துகின்றது. எரிந்த தேர்களின் இடத்தில் மீண்டும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. ஆனால் அந்நிகழ்வை அழகிய தேர்களால் மறைத்துவிடலாகாது.

தேர் எரிவதற்கு வெகு முன்பே சட்டம் இம்மக்களை எரித்திருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகைசெய்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். முன்னோர் நடந்து வந்த கரைக்கே பேரர்கள் அழுதுகொண்டு திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

2023 இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்டு 12 ஆம் திகதி மாத்தளையில் நிறைவெய்தியது. பழைய பாதையை மக்கள் தம் கால்களால் மீண்டும் வாசித்தனர் என்றே கூறவேண்டும். இப்பணியை ஆய்வாளரும் தொடர்தல் அவசியம். தோட்டக் கோயில்களின் கணக்கேடுகள், விழா அறிவித்தல்கள், முதியோர் நினைவிலுள்ள வழிநடைச் செய்திகள் ஆகியன அழிவதற்குமுன் தொகுக்கப்படல் வேண்டும்.

இன்று இக்கோயிலைக் காணச் செல்வோரின் கண்களை முதலிற் கவர்வது 108 அடி உயர இராசகோபுரம். அதன் சிற்பங்களை வியப்பதோடு நின்றுவிடாமல், கோயிலின் முன்னே வடக்கு நோக்கி நீளும் பாதையையும் அவர்கள் நோக்குவாராக. கல்வெட்டில் இடம்பெறாத மக்களின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது.