மதுரை ஜில்லா, பண்ணைப்புரம்

இளையராஜாவின் ஊரென்று நாடறிந்த பண்ணைப்புரத்தில் 1980-ஆம் வருஷம் பதிவான ஒரு நிலக் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், சொத்து விவரத்தில் அவ்வூர் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருக்கும். தேனி தனி ஜில்லாவாவதற்கு 1996-ஆம் வருஷத்து அரசாணை வரவேண்டியிருந்தது. பத்திரத்தில் மதுரை என்றிருப்பதைப் பிழையென்று அடித்துத் திருத்த எவருக்கும் அதிகாரமில்லை. அதே நிலத்தின் பட்டாவோ இன்று தேனி என்றுதான் சொல்லவேண்டும்.

அன்றிருந்ததைக் காட்டுவதா, இன்றிருப்பதைக் காட்டுவதா என்னும் இந்தப் பிரச்சினை, வியாபாரத்துக்கான கணினி நிரல்களை அமைப்போருக்கும் உண்டு. வாடிக்கைக்காரரின் விலாசத்தையும் சரக்கின் விலையையும் பில்லுதோறும் பிரதி செய்து வைப்பதா, அல்லது அவற்றுக்குரிய எண்ணை மட்டும் குறித்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் மூலப் பதிவேட்டில் பார்த்துக்கொள்வதா? 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக்கி எண்களால் பிணைக்கும் முறையை வெளியிட்டதிலிருந்து, ஒரு விஷயம் ஓரிடத்தில் மட்டுமே இருக்கவேண்டுமென்பது நிரலாளருக்கு ஏறக்குறைய வேதவாக்கு. காரணம் நியாயமானதே: தாய்ப் பத்திரத்தின் சக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், கிழக்கும் மேற்கும் மாறியிருந்தால், அதைப் பார்த்தெழுதிய ஒவ்வொரு பத்திரத்திலும் அந்தத் தவறு ஏறி, ஒவ்வொன்றுக்கும் பிழைதிருத்தல் பத்திரம் எழுதவேண்டியதாகிறது.

ஆனால் சுட்டும் எண்ணும் சாசுவதமன்று. புல எண் உட்பிரிவாகி மாறிவிட்டால், பழைய எண்ணை வைத்துக்கொண்டு நிலத்தைத் தேடுகிறவனுக்குக் கைகொடுப்பது, வீண் எழுத்தென்று நாம் நினைக்கும் அந்த நான்கெல்லை விவரமே. எண்ணையும் எழுதி, எல்லையையும் எழுதிய பத்திர எழுத்தர்கள், என் அபிப்பிராயத்தில், பல நிரலாளரைவிட விவேகிகள்.

கம்பத்தில் சிமெண்டு விற்கும் ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி விகிதம் மூலப் பதிவேட்டில் மட்டுமே இருந்து, பில்கள் யாவும் அதைச் சுட்டிக்கொண்டிருக்குமானால், ஆகஸ்டு மாதப் பில்லை மறுபடி அச்சிடும்போது 18 சதவீதமே விழும். கட்டிய வரிக்கும் காட்டும் பில்லுக்கும் பொருத்தமிராது. ஆகவே விலை, வரி, விலாசம் ஆகியவை பில் போட்ட நாளில் இருந்தபடியே அதில் பிரதியாக நிற்கவேண்டும். பாக்கி வசூலிக்கக் கூப்பிடும் தொலைபேசி எண்ணை மட்டும் மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்கு நிரல் வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்குமுன் ஒரு சரக்கின் வரி விகிதத்தை மாற்றச் சொல்லி, முன்பு போட்ட பில்லை அச்சிட்டுப் பாருங்கள். பழைய தொகை மாறி வந்தால் அந்த நிரலை வாங்காதீர்கள்.