பூச்சிக்குளிசைக்குச் சாகாத பூச்சி

சிறுநீரகம் மாற்றப் போகிறவருக்கு பிரசர், சுகர், இருதயம், இரத்த வகை எல்லாம் பார்ப்பார்கள். வட்டைக்குள் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்தவரா என்ற கேள்வியும் அந்த வரிசையில் வரவேண்டும். சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ வெள்ளாமை செய்து வளர்ந்தவரிடம் கேட்டால், “ஓம், சின்ன வயதிலிருந்தே” என்பதுதான் பதிலாக இருக்கும். டொக்டர் கேட்காவிட்டாலும் நோயாளி இதைத் தானாகச் சொல்லிவிடுவது நல்லது.

காரணம் ஸ்ட்ரொன்ஜிலோய்டெஸ் என்ற குடற்புழு. வளர்ந்த பெண்புழுவே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்தான். மலம் கலந்த ஈரமண்ணில் இருக்கும் அதன் இளம்புழு, கொக்கிப்புழுவைப் போலவே உள்ளங்காலின் தோலைத் துளைத்து ஏறி, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்டு, சிறுகுடலில் குடியேறும். அதன் பிறகுதான் இரண்டுக்கும் வித்தியாசம். கொக்கிப்புழுவின் முட்டை மண்ணில் விழுந்துதான் பொரிக்கும். இதன் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரித்துவிடும். பொரித்த குஞ்சுகளில் சில, வெளியே போகாமல் குடற்சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து, அதே உடம்பில் சுற்றை மறுபடி தொடங்கும். வயலுக்குப் போவதை விட்டு நாற்பது வருடமாகியிருந்தாலும் புழு உள்ளே இருக்கலாம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1942–43இல் ஜப்பானியர் போட்ட சியாம்–பர்மா ரயில்பாதையில் வேலைவாங்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கைதிகளை, போர் முடிந்து முப்பது வருடத்துக்கு மேல் கழித்து லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சோதித்தபோது, பலரிடம் இந்தப் புழு உயிரோடு இருந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் பெருந்தொகையாக உழைத்துச் செத்தார்கள். தப்பி வந்தவர்களின் வயிற்றில் என்ன இருந்தது என்று தேடிப் பார்க்க அவர்களுக்கு ஒரு லிவர்பூல் இருக்கவில்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும்வரை புழுக்கள் சொற்பமாக அடங்கிக் கிடக்கும். இடைக்கிடை வயிற்றுநோவு, தோலில் ஊர்வதுபோல ஒரு தடிப்பு, அவ்வளவுதான். சிறுநீரகம் மாற்றியவருக்கோ, புதிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாதிருக்க அந்தச் சக்தியையே மருந்தால் குறைக்கிறார்கள். அந்த மருந்துகளில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட்தான் இங்கே பெரிய ஆபத்து. சொற்பம் ஆயிரக்கணக்காகப் பெருகி, குடலைத் துளைத்து வெளியேறும் புழுக்கள் குடல் பக்டீரியாவையும் சேர்த்து இரத்தத்துக்குள்ளும் மூளையுறைக்குள்ளும் இழுத்துப் போகும். அந்தக் கட்டத்தில் பிடிபட்டால் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்பே தேடவேண்டும். ஒரு தடவை மலம் சோதித்து “பூச்சி இல்லை” என்று வந்தால் அதை நம்பி இருக்கக்கூடாது; குஞ்சுகள் குறைவாகவும் விட்டுவிட்டும்தான் வெளியேறும். வெவ்வேறு நாட்களில் பல மாதிரிகள் வேண்டும். மாதிரியை பிரிட்ஜில் வைக்காமல் சூடாறுமுன் கொடுக்கவேண்டும், குளிரில் குஞ்சு செத்துவிடும். இதைவிட இரத்தத்தில் பிறபொருளெதிரி பார்க்கும் சோதனை அதிகம் பேரைக் கண்டுபிடிக்கும். இரத்தத்தில் இயோசினோபில் கூடியிருப்பதும் ஒரு தடயம். உறுப்பு கொடுப்பவரையும் விடக்கூடாது. தானம் செய்யும் தம்பியோ ராத்தாவோ அதே வளவில், அதே மண்ணில் வளர்ந்தவர்தானே. உறுப்போடு புழு போய்ச்சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மாற்றிய பிறகு கண்காணிப்பு இன்னும் சிக்கலானது. ஸ்டீரொயிட் இயோசினோபில்லை அமுக்கிவிடும், பிறபொருளெதிரிச் சோதனையும் பொய்யாக “இல்லை” என்று வரலாம். முதல் சில மாதங்களும், உறுப்பை உடம்பு நிராகரிக்கத் தொடங்கி ஸ்டீரொயிட்டைக் கூட்டிக்கொடுக்கும் நாட்களும் மிகக் கவனமாக இருக்கவேண்டியவை. மாளிகாவத்தையிலோ கண்டியிலோ மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர், இருமலும் முட்டும் என்று இங்கே பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போனால், முட்டுக்கென்று இன்னும் கொஞ்சம் பிரெட்னிசலோன் எழுதப்படலாம். அந்த முட்டு நுரையீரலில் ஏறிய புழுவால் வந்ததானால், அது எரிகிற நெருப்பில் எண்ணெய். வயிறு ஊதி வாந்தி வருவது, வயிற்றில் ஊதாநிறப் புள்ளிகள், காரணம் பிடிபடாமல் திரும்பத் திரும்ப இரத்தத்தில் கிருமி ஏறுவது, இவற்றையும் வீட்டாட்கள் தெரிந்திருக்கவேண்டும். எங்கே போனாலும் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

தென் அமெரிக்காவில் இதேபோலச் சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு, மாற்றிய பின் முதல் இரண்டு மாதம் வாராவாரம் இரத்தம் பார்க்கிறார்கள். அந்த ஒட்டுண்ணி நமது மண்ணில் இல்லை. மலேரியாவும் இலங்கையில் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்துவிட்டது. வெளிநாடு போய்வந்தவருக்கு மட்டும் அது நினைவிருக்கட்டும்.

பாடசாலையில் கொடுக்கும் பூச்சிக்குளிசை போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரு தடவை விழுங்கும் மெபெண்டசோல் மற்றக் குடற்புழுக்களுக்கு; இந்தப் புழு அதற்குப் பெரும்பாலும் மசியாது. இதற்கு முதல் மருந்து ஐவர்மெக்டின். உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம்; பெரும்பாலும் இரண்டு வாரத்தில் இன்னொரு தடவையும் கொடுப்பார்கள். சோதனை முடிவு வரச் சுணங்கினால் சந்தேகத்தின்பேரிலேயே முன்கூட்டிக் கொடுத்துவிடும் டொக்டர்களும் உண்டு. மாற்றுக்கு முன் கொடுக்கும் அந்த இரண்டு வேளை மருந்தால் வரும் கேடு சிறிது. ஆனால் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை யாரும் கையில் எடுக்கவேண்டாம். கொரோனாக் காலத்தில் அதை விழுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் இருந்தார்கள்.